கணிப்பும் முன்னறிவிப்பும்: ‘ஃபோர்காஸ்ட்’ என்னும் சொல்லும் மலாக்காத் தமிழ் வழக்கும்

முன்னுரை

‘ஃபோர்காஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் உணர்த்தும் பொருளுக்கு மலேசியத் தமிழில் நிலைத்த ஒரு சொல் இல்லை. வானிலைச் செய்தியில் அது முன்னறிவிப்பு எனப்படுகிறது. நாளிதழ்களின் அரசியல் பக்கங்களில் ஆருடம் என்றும், பொருளாதாரச் செய்திகளில் கணிப்பு என்றும், தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் முன் அனுமானம் என்றும், அன்றாடப் பேச்சில் ஊகம் என்றும் வழங்குகிறது. இவ்வாறு பல சொற்கள் வழங்குவதை மொழியின் வளமாகக் கொள்வாரும் உளர். எனினும், எதிர்காலத்தைப் பற்றி ஒருவர் கூறுவதை எந்த அடிப்படையில் ஏற்பது என்னும் வினாவிற்கு இச்சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு விடையைத் தம்முள் கொண்டுள்ளன. அவ்வேறுபாட்டை மறந்து ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வழங்கும்போது, கூற்றின் நம்பகத்தன்மையும் கூறுவோரின் பொறுப்பும் மயங்கிவிடுகின்றன.

இக்கட்டுரை முதற்கண் அவ்வாங்கிலச் சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குகிறது. பின்னர், அதனோடு ஒப்பிடத்தக்க தமிழ், மலாய்ச் சொற்களின் மரபை ஆராய்கிறது. இறுதியாக, மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புற வாழ்க்கையையும் தமிழ்ப்பள்ளி வகுப்பறையையும் வானிலைச் செய்தியையும் சான்றாகக் கொண்டு, எச்சொல்லை எவ்விடத்தில் வழங்குவது தகும் என்பதை மதிப்பிடுகிறது.

ஆங்கிலச் சொல்லின் வரலாறு

எதிர்காலத்தைக் கூறுதலைக் குறிக்க ஆங்கிலத்தில் உள்ள சொற்களை இரு குடும்பங்களாகப் பகுக்கலாம். முதலாவது, சொல்லுதலை அடிப்படையாகக் கொண்ட குடும்பம். ‘பிரெடிக்ட்’ என்பது இலத்தீனில் ‘முன்’ என்னும் பொருள்படும் சொல்லும் ‘சொல்’ என்னும் பொருள்படும் சொல்லும் இணைந்து பிறந்தது. ‘ஃபோர்டெல்’ என்பதும் முன்னே சொல்லுதலே. ‘சூத்சேயர்’ என்பது உண்மையைச் சொல்பவர் என்னும் பொருளுடையது. இச்சொற்களில் முதன்மை பெறுவது கூறுவோரின் வாய்மொழி.

இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்தது ‘ஃபோர்காஸ்ட்’. இதன் பிற்பகுதியாகிய ‘காஸ்ட்’ எறிதல் என்னும் பொருளுடையது. இடைக்கால இங்கிலாந்தில் கணக்கிடுவோர் பலகையின் மீது வில்லைகளை இட்டும் நகர்த்தியும் எண்ணினர். அதனால் ‘காஸ்ட்’ என்னும் சொல்லுக்கு எறிதலோடு கணக்கிடுதல் என்னும் பொருளும் வழங்கியது. கணக்கு முடித்தலையும் சாதகம் கணித்தலையும் இதே சொல்லால் குறித்தனர். எனவே 14ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் இடம்பெற்ற ‘ஃபோர்காஸ்ட்’ முன்கூட்டியே எண்ணித் திட்டமிடுதல் என்னும் பொருளையே முதலில் உணர்த்தியது. எதிர்காலத்தைக் கூறுதல் என்னும் பொருள் அதன் பின்னர் வளர்ந்ததாகும்.

இச்சொல் இன்றைய வானிலைப் பொருளைப் பெற்றதற்கு ஒரு தனிமனிதரின் தெரிவே காரணம். சார்லஸ் டார்வின் பயணம் செய்த ‘பீகிள்’ கப்பலின் தலைவராக இருந்த இராபர்ட் ஃபிட்ஸ்ராய், 1854இல் பிரித்தானிய அரசு வணிக வாரியத்தின்கீழ்த் தொடங்கிய வானிலைப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். 1859 அக்டோபரில் ‘ராயல் சார்ட்டர்’ என்னும் கப்பல் புயலில் சிக்கி உடைந்து நானூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அவர் தந்தி வழியாகத் துறைமுகங்களின் காற்றழுத்த அளவுகளைத் திரட்டிப் புயல் எச்சரிக்கை விடுக்கத் தொடங்கினார். 1861 ஆகஸ்டு 1ஆம் நாள் ‘தி டைம்ஸ்’ நாளேட்டில் பொதுமக்களுக்கான முதல் வானிலைக் கணிப்பு வெளிவந்தது.

அக்காலத்தில் பஞ்சாங்கம் போன்ற ஆண்டு நூல்களை வெளியிட்டு, வரும் மாதங்களின் மழையையும் பனியையும் முன்மொழிந்தோர் இங்கிலாந்தில் பலர் இருந்தனர். அவர்களிடமிருந்து தம் பணியைப் பிரித்துக் காட்ட விரும்பிய ஃபிட்ஸ்ராய், ‘பிராஃபசி’, ‘பிரெடிக்‌ஷன்’ ஆகிய சொற்களைத் தவிர்த்தார். அறிவியல் முறையில் தரவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பெறும் கருத்துக்கே ‘ஃபோர்காஸ்ட்’ என்னும் சொல் பொருந்தும் என்று 1863இல் வெளிவந்த தம் வானிலை நூலில் விளக்கினார். சொல்லுதல் குடும்பத்தை விலக்கி எண்ணுதல் குடும்பத்தை அவர் தேர்ந்தது தற்செயல் அன்று. எண்ணிப் பெற்ற கருத்து பிழைபடலாம்; பிழைபட்டால் அதன் கணக்கை மீண்டும் சரிபார்க்கலாம். அருள்வாக்கிற்கு அத்தகைய மீள்பார்வை இல்லை.

இந்நுண்மையைப் பொதுமக்கள் உடனே ஏற்றனர் என்று கூறுவதற்கில்லை. கணிப்புப் பிழைத்த நாள்களில் நாளேடுகள் எள்ளின. அறிவியலாளரும் குறை கூறினர். ஃபிட்ஸ்ராய் 1865இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டு பொதுக் கணிப்புகள் நிறுத்தப்பட்டன. 1879இல்தான் மீண்டும் தொடங்கின. சொல் மாறினாலும், கேட்போர் அதனை வாக்காகவே கேட்டனர் என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.

எறிதலும் எண்ணுதலும்: தமிழ், மலாய் மரபு

எறிந்து எண்ணிப் பார்த்தல் ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. மலாய்மொழியில் எதிர்காலம் கூறுதலைக் குறிக்கும் ‘ராமால்’ என்பது மணல் என்னும் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததாகும். மணலில் புள்ளிகளையும் கோடுகளையும் இட்டு, அவற்றை எண்ணிப் பலன் கூறும் கலை அரபு நாடுகளில் வழங்கியது. அக்கலையின் பெயரே இன்று மலேசிய வானிலைத் துறையின் ‘ராமாலான் சுவாச்சா’ என்னும் தொடரில் வாழ்கிறது. அதனைக் கேட்போர் எவரும் மணலை நினைப்பதில்லை.

தமிழில் இதற்கு நிகராகக் கழங்கைக் கூறலாம். கழற்சிக்காயை வைத்து மகளிர் ஆடிய விளையாட்டும் கழங்கே. வேலன் தலைவியின் மெலிவிற்குக் காரணம் காண இட்டுப் பார்த்ததும் கழங்கே. ஐங்குறுநூற்றின் வெறிப்பத்தில் இக்கழங்கு பேசப்படுகிறது. தலைவியின் நோய் முருகனால் வந்தது என்று கழங்கு காட்டுவதாக வேலன் கூறுகிறான். உண்மைக் காரணம் மலைநாடன்பால் கொண்ட காதல் என்பது தோழிக்கும் படிப்போர்க்கும் தெரியும். கழங்கின் முடிவை ஏற்காது அதனை எள்ளும் குரலைச் சங்கப் புலவர் தோழியின் வாயில் வைத்துள்ளமை ஈண்டு நோக்கத்தக்கது. எண்ணிப் பார்த்தாலும் எதனை எண்ணுகிறோம் என்பது பிழையாயின் விடையும் பிழையாகும் என்னும் தெளிவு அக்குரலில் உள்ளது.

சொல்லுதல் குடும்பத்திற்குத் தமிழில் விரிச்சி சிறந்த சான்று. முல்லைப்பாட்டில், போர்மேற் சென்ற தலைவன் திரும்புவானா என்று அறியப் பெருமுது பெண்டிர் நெல்லும் மலரும் கொண்டு ஊர்ப்புறத்தே சென்று நற்சொல் கேட்டு நிற்கின்றனர். தாயைப் பிரிந்து வருந்தும் கன்றை நோக்கி, உன் தாயர் இப்போதே வருவர் என்று ஆய்மகள் ஒருத்தி கூறுவது அவர்கள் செவியில் விழுகிறது. அச்சொல்லே அவர்களுக்கு எதிர்காலத்தின் அடையாளம். இங்கு எண்ணிக்கை இல்லை, ஏதுவும் இல்லை, சொல்லின் மங்கலமே போதுமானது. கட்டுவிச்சியின் குறியும் குறவஞ்சி இலக்கியங்களில் குறத்தி கையைப் பார்த்துக் கூறும் குறியும் இவ்வாய்மொழி மரபையே சார்ந்தவை.

இவ்விரண்டற்கும் நடுவே தமிழ் மரபு தனியே போற்றிய சொல் ‘கணி’ என்பதாகும். கணித்தல் என்பது எண்ணுதல். கணியன் பூங்குன்றனார், பக்குடுக்கை நன்கணியார், கணிமேதாவியார் ஆகிய புலவர் பெயர்களிலும், சிலப்பதிகாரம் கூறும் பெருங்கணி என்னும் அவைப் பதவியிலும் இச்சொல் விளங்குகிறது. குறிஞ்சி நிலத்தில் பூத்துத் தினை விளைந்த பருவத்தைக் காட்டும் வேங்கை மரத்திற்கும் கணி என்பது பெயராயிற்று. பூப்பதைக் கண்டு காலத்தை எண்ணுதலால் மரமே கணியாயிற்று என்பது பொருள்.

கணித்தலின் இயல்பை நன்கு காட்டுவது கூடலூர் கிழார் பாடிய புறநானூற்று 229ஆம் பாடல். பங்குனி மாதத்தின் ஒரு நள்ளிரவில் மீன்களின் நிலையை வரிசையாகக் குறித்து, அப்போது ஒரு மீன் வீழ்ந்ததைப் புலவர் கூறுகிறார். அதனைக் கண்ட புலவரும் பிறரும் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு வருமோ என்று அஞ்சினர். அவன் நோயின்றி இருந்தால் நன்று என்று விரும்பினர். ஏழாம் நாள் யானை கையை நிலத்திலிட்டுத் துயின்றது, முரசம் உருண்டது, கொற்றக்குடை வீழ்ந்தது, மன்னன் மாண்டான். மீன் வீழ்தலுக்கும் மன்னன் மறைவுக்கும் உள்ள தொடர்பை இன்றைய அறிவு ஏற்பதில்லை. ஆயினும் பாடலின் நடை கருதத்தக்கது. புலவர் தாம் கண்டதை நாள், நாழிகை, மீன்நிலை ஆகியவற்றோடு பதிவு செய்கிறார். தம் முடிவை ஆணையாக அறிவிக்காமல் அச்சத்தோடும் எதிர்பார்ப்போடும் காக்கிறார். நடந்ததைப் பின்னர் அதனோடு ஒப்பிடுகிறார். அறிந்தோர் அடக்கம் என்பது கணித்தலோடு பிறந்த பண்பு என்பதற்கு இது சான்று.

முன்மொழிந்த ஒன்று நிகழ்ந்தே தீரும் என்னும் கருத்தையும் தமிழ் மரபு முற்றாக ஏற்கவில்லை. சிலப்பதிகார வரந்தரு காதையில், அரசு வீற்றிருக்கும் இலக்கணம் இளையவனுக்கே உண்டு என்று நிமித்திகன் கூறுகிறான். அண்ணன் செங்குட்டுவன் இருக்க அது நேராதவாறு இளங்கோ துறவு பூண்டார். கூற்றைக் கேட்டவர் செயலால் கூற்றின் விளைவு மாறியது.

மணிமேகலை தரும் பாகுபாடு

மணிமேகலையின் 27ஆம் காதை, எதிர்காலம் பற்றிய அறிவை அளவை நூலின் துணையால் விளக்குகிறது. வஞ்சி மாநகரில் மணிமேகலை பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கிறாள். அவருள் அளவைவாதி அனுமானத்தைக் கருத்தளவு எனக் கூறி, அதனைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பகுக்கிறான். கானத்தில் கேட்கும் ஒலியால் ஆங்கு யானை உண்டு என உணர்தல் பொது. ஆற்றில் பெருகிய வெள்ளத்தைக் கண்டு மேற்புலத்தில் மழை பெய்தது என உரைத்தல் எச்சம். கருக்கொண்ட மேகத்தைக் கண்டு மழை பெய்யும் என உரைத்தல் முதல். வடமொழி நியாய நூலாரின் முப்பகுப்பைத் தழுவியதே இதுவும்.

எச்சத்தில் விளைவிலிருந்து காரணத்திற்குப் பின்னோக்கிச் செல்கிறோம். முதலில் காரணத்திலிருந்து விளைவிற்கு முன்னோக்கிச் செல்கிறோம். இரண்டிலும் கண்ட ஒன்று உண்டு. கண்டதையும் காணாததையும் இணைக்கும் ஏது உண்டு. நற்சொல் கேட்டு நின்ற பெருமுது பெண்டிரிடம் இல்லாதது இவ்வேதுவே. ஆகவே எதிர்காலக் கூற்றுகளை மதிப்பிடத் தமிழ் மாணவர்க்குத் தேவையான கருவியை நம் காப்பியம் முன்னரே தந்துள்ளது எனலாம். அதற்கு எடுத்துக்காட்டாக அமைந்தவை மேகமும் மழையும் வெள்ளமும் என்பது மலாக்காவின் சூழலுக்கு மிகவும் பொருந்துகிறது.

மலாக்காத் தோட்டங்களில் கணித்தல்

மலாயாவில் ரப்பரை வாணிகப் பயிராக முதலில் நட்ட இடங்களுள் மலாக்கா தலையாயது. தான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கிலும் அதனை அடுத்துப் புக்கிட் ஆசாகானிலும் ரப்பர் பயிரிட்டார். விலை என்னவாகும் என்று எவரும் அறியாத பயிரில் நிலத்தையும் பணத்தையும் இட்ட அச்செயலே ஒரு பெருங்கணிப்பு. அதன்பின் பெருகிய தோட்டங்களில் பால்மரம் வெட்ட வந்தோருள் பெரும்பாலோர் தமிழர். அவர்களுள் பலரின் முன்னோர் மழை பொய்த்த தமிழக மாவட்டங்களிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதும் நினைக்கத்தக்கது.

அவர்கள் தமிழகத்து மழையறிவையும் உடன் கொணர்ந்தனர். மார்கழியில் மேகம் கருக்கொள்வதைக் கொண்டு பின்வரும் மழையை எண்ணும் கர்ப்போட்டமும், ஆடிக்காற்றும் ஐப்பசி அடைமழையும் அவ்வறிவின் கூறுகள். சித்திரைப் புத்தாண்டில் கோயிலில் பஞ்சாங்கம் வாசிக்கும்போது அவ்வாண்டின் அரசனும் மந்திரியும் மேகமும் கூறப்படுகின்றன. ஆனால், அவ்வறிவு பிறந்த நிலம் வேறு. மலாக்காவின் வானம் வேறு. தமிழகத்துக் கீழ்க்கரையில் ஐப்பசி மழை வங்கக் கடலைக் கடந்து வரும் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்வது. மலாக்காவில் அதே திங்களில் மழை மிகுவதற்குக் காரணம், இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் வெப்பத்தால் பிற்பகலில் எழும் இடிமேகங்கள். ஐப்பசி அடைமழை என்னும் வழக்கு இங்கும் பொருந்தியது. அதன் ஏது பொருந்தவில்லை. முடிவு ஒத்திருப்பதனால் காரணமும் ஒத்தது எனக் கொள்ளலாகாது என்பதற்கு இதனினும் எளிய பாடம் கிடைத்தல் அரிது.

புதிய மண்ணில் தோட்டத் தமிழர் தாமே கற்ற கணிப்பு ஒன்று உண்டு. மரத்தில் பால் நன்கு வடிவது விடியலின் குளிர்ச்சியில். எனவே, பொழுது புலருமுன் பெரட்டு முடிந்து நிரைக்குச் செல்ல வேண்டும். பட்டை நனைந்திருந்தால் வெட்டிய கோட்டின் வழியே பால் ஒழுகாது. பட்டை மீது பரவி வீணாகும். மங்கில் விழும் மழைநீர் பாலைக் கெடுத்துவிடும். ஆகவே விடியலில் மழை வருமா என்பது நாட்கூலியாளருக்கு அன்றைய வருமானத்தைப் பற்றிய வினா. மலாக்கா நீரிணையின் மேலெழுந்து மேற்குக் கரையைத் தாக்கும் ‘சுமத்ரா’ என்னும் புயற்காற்று வரிசைகளோ, பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், நள்ளிரவுக்கும் காலைக்கும் இடையே வருபவை. மேற்கே தொடர்ந்து தோன்றும் மின்னலும் திடீரென வீசும் குளிர்காற்றும் அவற்றின் முன்னறிகுறிகள். இவற்றைப் பார்த்து, இன்று வெட்டு உண்டா இல்லையா என்று முடிவு செய்தோர் கருக்கொண்ட மேகம் கண்டு மழையுரைத்த அளவைவாதியின் வழியையே பின்பற்றினர். ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலையுதிர்த்தலைக் கண்டு, பால் குறையும் மாதங்கள் வருகின்றன என்று கைச்செலவைச் சுருக்கிய குடும்பத்தார்க்கு அம்மரமே கணியாயிற்று, குறிஞ்சி மக்களுக்கு வேங்கை ஆனதைப்போல.

அதே தோட்டத்தில் மற்றொரு மரபும் வாழ்ந்தது. மாரியம்மன், முனியாண்டி கோயில்களின் திருவிழாக்களில் அருள்வந்து ஆடுவோர் வாக்குக் கேட்டலும், கனவிலும் வாக்கிலும் நான்கு இலக்க எண்களைத் தேடுதலும் அம்மரபின் கூறுகள். துன்பமுற்றோர்க்கு வாக்கு தந்த ஆறுதலை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆயினும், தோட்ட மக்களின் அறிவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வாக்கையும் குறியையும் மட்டுமே பதிவு செய்து, மேற்கு வானத்தைப் பார்த்து நாள்தோறும் செய்த கணிப்பை அறிவாகவே கருதாமல் விட்டுவிடுகின்றனர். இது அவர்களுக்குச் செய்யும் குறை. சொற்களை வேறுபடுத்தாமையே இக்குறைக்கு ஒரு காரணம்: குறியும் கணிப்பும் ஒன்றெனக் கொண்டால், இரண்டும் ஒருங்கே மூடநம்பிக்கை என ஒதுக்கப்பெறும்.

இன்று மலாக்காவில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியுள்ளன. தோட்டத் தமிழரின் பிள்ளைகள் பெரும்பாலும் மஸ்ஜிட் தானா, அலோர் காஜா, ஜாசின் போன்ற ஊர்களிலும் மலாக்கா நகரிலும் வாழ்கின்றனர். விடியலில் வானம் பார்க்கும் தேவை குறைந்ததால் அக்கணிப்பின் சொற்களும் மறைந்து வருகின்றன.

வகுப்பறையில் ‘பிரெடிக்ட்’

2003ஆம் ஆண்டு அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தபோது, ‘பிரெடிக்ட்’ என்னும் சொல் தமிழ்ப்பள்ளி மாணவரின் வகுப்பறைச் சொல்லாயிற்று. 2009 சூலையில் அக்கொள்கையைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. அதன்பின் அறிவியல் மீண்டும் தமிழுக்கு வந்தபோது, அறிவியல் செயற்பாங்குத் திறன்களின் வரிசையில் உற்றறிதல், ஊகித்தல், முன் அனுமானித்தல் ஆகிய சொற்கள் இடம்பெற்றன. ஆங்கிலத்தில் ‘இன்ஃபர்’ எனப்படுவது ஊகித்தல். ‘பிரெடிக்ட்’ எனப்படுவது முன் அனுமானித்தல்.

இவற்றுள் முன் அனுமானித்தல் நல்ல ஆக்கம். ‘பிரெடிக்ட்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து முன்னுரைத்தல் என்று வைத்திருந்தால், மாணவர் அதனை வெறும் வாய்மொழியாகக் கொண்டிருப்பர். அனுமானம் என்னும் சொல் ஏதுவை வலியுறுத்துவதால் மணிமேகலை மரபோடும் இணைகிறது. ஊகித்தல் என்னும் ஆக்கமோ இடர் தருவது. ஊகம் என்பது அளவை நூல்களில் ஆராய்ந்து தெளிதலைக் குறித்ததாயினும், இன்றைய வழக்கில் தெரியாமல் சொல்லிப் பார்த்தலையே உணர்த்துகிறது. ஊகித்து எழுதுக என்று கேட்டால் காரணமின்றி விடையெழுதலாம் என்று மாணவர் எண்ணுவதற்கு அச்சொல்லே இடமளிக்கிறது.

ஆசிரியர் இவ்விடரைத் தீர்க்கக் கலைச்சொல்லை உடனே மாற்ற வேண்டுவதில்லை. எச்சம், முதல் என்னும் பாகுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினாலே போதும். கீசாங் ஆற்றில் நீர் கலங்கி உயர்ந்திருப்பதைக் கண்டு, மேற்புலத்தில் மழை பெய்திருக்கிறது என்றால் அது ஊகித்தல். நீரிணையின் மேல் திரண்ட கருமேகத்தைக் கண்டு, இன்னும் சற்று நேரத்தில் மழை பெய்யும் என்றால் அது முன் அனுமானித்தல். இரண்டிற்கும் ‘ஏனெனில்’ என்னும் சொல் இன்றியமையாதது. ‘ஏனெனில்’ இல்லாத விடை குறி சொல்லுதலாகும்.

தேர்வுக்கு வரக்கூடும் எனத் தொகுக்கப்பெறும் வினாக்களை மலாயில் ‘சோஆலான் ராமாலான்’ என்பர். சென்ற ஆண்டுகளின் வினாக்களை எண்ணிப் பார்த்துத் தொகுத்திருந்தால் அவற்றைக் கணிப்பு என்னலாம். ஆயினும் மாணவர் அவற்றை அருள்வாக்காகக் கொண்டு பிற பாடங்களைக் கைவிடுதல் நாம் அறிந்ததே. எண்ணிக் கூறியதையும் வாக்காகக் கேட்கும் பழைய வழக்கம் வகுப்பறையிலும் தொடர்கிறது.

முன்னறிவிப்பும் எச்சரிக்கையும்

வானிலைச் செய்தியில் இம்மயக்கம் தேர்வோடு நில்லாமல் உயிரையும் உடைமையையும் தொடுகிறது. 2006 டிசம்பரில் தீபகற்பத்தின் தென்பகுதியில் பெய்த பெருமழையால் ஜொகூர், மலாக்கா, பகாங், நெகிரி செம்பிலான் ஆகிய மாநிலங்களில் வெள்ளம் பெருகியது. 2007 சனவரியில் ஜொகூரில் மீண்டும் பெருகியது. இதற்கு மாறாக, 1991இல் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வறண்டு மலாக்கா மக்கள் குடிநீருக்கு இடர்ப்பட்டனர். மழை மிகினும் பொய்ப்பினும் எண்ணிப் பார்த்து முன்கூட்டியே ஆயத்தம் செய்யும் தேவையை இவ்விரண்டும் உணர்த்துகின்றன.

மெட்மலேசியா எனச் சுருங்க அழைக்கப்பெறும் மலேசிய வானிலைத் துறை தொடர்மழைக்கு ‘வாஸ்பாடா’, ‘பூரோக்’, ‘பஹாயா’ என்னும் மூன்று படிநிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. விழிப்பு, மோசம், ஆபத்து என அவற்றைக் கூறலாம். இவ்வெச்சரிக்கைகள் நாள்தோறும் வெளிவரும் கணிப்பினின்றும் வேறானவை. தமிழில் இவ்விரண்டையும் முன்னறிவிப்பு என்னும் ஒரு சொல்லால் வழங்கினால் வேறுபாடு மறைகிறது. அறிவிப்பு என்பது முடிவான ஒன்றைத் தெரிவித்தல்: கூட்ட அறிவிப்பு, விடுமுறை அறிவிப்பு என்றாற்போல. நாளை மழை என்னும் முன்னறிவிப்பைக் கேட்டவர் மழை பெய்யாதபோது ஏமாற்றப்பட்டதாக எண்ணுகிறார். இரண்டாம் முறை அவர் எச்சரிக்கையையும் பொருட்படுத்துவதில்லை. கணிப்பு என்று கூறியிருந்தால், அது வாய்ப்பினைப் பற்றிய கூற்று என்பது சொல்லிலேயே விளங்கியிருக்கும்.

இக்கருத்திற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முன்னறிவிப்பு நிலைபெற்றுவிட்ட சொல் என்பது ஒன்று. அச்சொல்லை விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. துறை தன் கணிப்பை மக்களுக்குத் தெரிவிக்கும் செயல் முன்னறிவிப்பு. தெரிவிக்கப்படும் பொருள் கணிப்பு. மக்கள் செயற்பட வேண்டிய நிலையில் விடுக்கப்படுவது எச்சரிக்கை. மூன்றும் வேண்டுவனவே, தத்தம் இடத்தில்.

கணிப்பு என்னும் சொல் சாதகம் கணித்தலோடு பிணைந்தது. அறிவியலுக்கு ஆகாது என்பது மற்றொன்று. ஃபிட்ஸ்ராய் தேர்ந்த ஆங்கிலச் சொல்லும் சாதகம் கணித்தலுக்கு வழங்கிய சொல்லினின்றே வந்தது. மலாய் ‘ராமால்’ மணலில் பலன் பார்த்தலினின்று வந்தது. எண்ணுதல் என்னும் வேர்ப்பொருள் உள்ளவரை அச்சொல்லை அறிவியல் தனதாக்கிக்கொள்ள இயலும். ஆருடத்தின் நிலை வேறு. கேட்ட நேரத்தின் ஆரூட இராசியைக் கொண்டு பலன் கூறும் முறை இன்றும் வழங்குவதால், அச்சொல்லைக் கேட்போர் சோதிடரை நினைக்கின்றனர். தேர்தல் முடிவைப் பற்றி வாக்குகளை எண்ணி ஆய்ந்து ஒருவர் கூறுவதையும் தம் விருப்பத்தையே முடிவாகக் கூறும் அரசியல்வாதியின் பேச்சையும் நாளிதழ்கள் ஆருடம் என்று ஒன்றாக்குகின்றன. முன்னதைக் கணிப்பு என்றும் பின்னதை எதிர்பார்ப்பு என்றும் எழுதினால், வாசகர் இரண்டையும் ஒரே அளவில் நம்பும் நிலை நீங்கும்.

முடிவுரை

‘ஃபோர்காஸ்ட்’ என்னும் சொல்லின் வரலாறு, வாக்கினின்றும் கணக்கைப் பிரித்தெடுக்க ஒரு மொழி மேற்கொண்ட முயற்சியின் வரலாறாகும். தமிழில் அப்பிரிவு புதிதாக உண்டாக்க வேண்டியதன்று. விரிச்சியும் குறியும் ஒருபுறம், கணியும் கருத்தளவும் மறுபுறம் என நம் இலக்கியம் அதனைத் தெளிவாகவே பேணியுள்ளது. மலாக்காத் தோட்டத்தில் மேற்கு வானத்தின் மின்னலைக் கண்டு நிரைக்குப் போவதா எனத் தீர்மானித்த பெண்களும் ஆண்களும் அம்மரபின் இறுதி வழித்தோன்றல்களாகிவிடக் கூடாது. அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பிக்கும் தமிழாசிரியர்கள், கணிப்பு என்னும் சொல்லை அதன் ஏதுவோடும் ஐயத்தோடும் சேர்த்துக் கற்பிப்பாராயின், அத்தொடர்ச்சி அறாது. தோட்டப்புற முதியோரிடம் எஞ்சியுள்ள வானிலைச் சொற்களைத் தொகுத்தல், மாணவர் ஆய்வுக்கு உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.